அத்தான் அனுப்பும் ரிவோல்வர்

கேள்வி: டெக்சாசில் இருக்கும் அத்தான், 1851 கோல்ட் (Colt) நேவி ரிவோல்வரைப் போலவே இப்போது செய்த, கருமருந்து போட்டுச் சுடும் ஒன்றை வாங்கியிருக்கிறார். அங்கே லைசன்ஸ் தேவையில்லையாம். வீட்டுச் சாமான்களோடு கப்பலில் என் பெயருக்கு அனுப்பப் போகிறார். லீவில் வந்து நிலாவெளித் தோட்டத்தில் சுட்டுப் பார்க்க அவருக்கு ஆசை. பழங்காலச் சாமான்தானே, பிரச்சினை வருமா? - வாசகர், உப்புவெளி

பதில்: வரும். இன்றைக்கே அவரைக் கூப்பிட்டு, அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அத்தான் சொல்வது பொய்யில்லை. 1898 வரை செய்த துவக்குகளையும், அவற்றைப் பார்த்துச் செய்த இந்த வகைப் பிரதிகளையும் அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் சாதாரணத் துப்பாக்கியாகக் கணக்கெடுப்பதில்லை. அந்தச் சலுகை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இங்கே இலங்கையில் இருப்பது 1916இன் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், சுட வேண்டும் என்றில்லை. அத்தானின் ரிவோல்வரில் சுழலும் உருளையின் ஒவ்வொரு அறையிலும் மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலால் இறுக்க வேண்டும். ஈயம் மெல்லிய வளையமாகச் சீவுப்பட்டு விழும். பின்பக்கம் கேப்பை (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோகத் தொப்பி) மாட்டினால் ஆளைக் கொல்லும் ஆயுதம் தயார். நம்மூர் இடியன் துவக்கும் வாய்வழியாக மருந்து இடிப்பதுதான். பன்றி விரட்ட அதை வைத்திருக்கும் விவசாயியே வருடாவருடம் பத்திரம் புதுப்பிக்கிறார். அப்புறம் ரிவோல்வருக்கு யார் விலக்குத் தருவார்கள்?

மருந்து தனிக் கதை. அதற்கு 1956இன் வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது. கருமருந்தையும் கேப்பையும் விமானப் பெட்டி எதிலும் கொண்டுவர முடியாது.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது உங்கள் பெயரை நினைத்துத்தான். பெட்டியைப் பெறுபவர் நீங்கள், கையெழுத்துப் போடுபவரும் நீங்கள். "வீட்டுச் சாமான்" என்று எழுதிய பெட்டிக்குள் சுங்கம் ரிவோல்வரைக் கண்டால் முதல் கேள்வி உங்களிடம்தான். அத்தான் டெக்சாசில் இருப்பார். திருகோணமலையில் துவக்கு என்ற சொல்லுக்கே என்ன கனம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவருக்கு அவ்வளவு ஆசையென்றால், டிக்கெட் போடுமுன் பாதுகாப்பு அமைச்சுக்கு எழுதிக் கேட்கட்டும். எழுத்தில் அனுமதி கைக்கு வரும்வரை ஒரு திருகாணி கூட அனுப்பக் கூடாது. சுடுவதை அங்குள்ள ரேஞ்சில் சுடட்டும்.

ஏற்கெனவே கப்பலேற்றிவிட்டாரா? சரி, பெட்டியை எடுக்கத் தனியாகப் போகாதீர்கள். அது திறக்கப்படுமுன் ஒரு சட்டத்தரணியோடு போய்ச் சுங்கத்துக்கு எழுத்தில் அறிவித்து, அந்தக் கடிதத்தின் பிரதியில் முத்திரை வாங்குங்கள். அத்தான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் ஒன்றையும் அழிக்காதீர்கள்.