குழிக்குள் இறங்காமல் ஒருவரைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டப்புறத்தில் வசிக்கிறேன். தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருக்கிறேன். எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் புதிய தண்ணீர்க் குழாய் பதிக்கக் குழி வெட்டுகிறார்கள். போன மாதம் மண் சரிந்து ஒரு வங்காளதேசத் தொழிலாளி இடுப்பு வரை புதைந்துவிட்டார். நானும் நண்பர்கள் நால்வரும் மண்வெட்டியோடு இறங்கி அவரை வெளியே எடுத்தோம். பிறகு வந்த பொம்பா (அரசாங்கத் தீயணைப்புப் படை) அதிகாரி எங்களைக் கடுமையாகத் திட்டினார். ஒரு மனிதன் கண் முன்னால் புதைந்து கிடக்கும்போது நின்று வேடிக்கை பார்க்கவா சொல்கிறார்கள்? அடுத்த முறை நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். ஆனால் அதிகாரி திட்டியதும் சரிதான். மண் சரிந்தபோது குழிக்குள் ஒருவர் இருந்தார். நீங்கள் இறங்கியதும் ஆறு பேர் ஆகிவிட்டீர்கள். அந்தச் சுவர் இன்னொரு முறை சரிந்திருந்தால் பொம்பா ஆறு பேரைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

விழ வேண்டிய மண் விழுந்துவிட்டது, இனி என்ன விழப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முதல் சரிவில் பெரும்பாலும் சுவரின் கீழ்ப்பகுதிதான் கழன்று விழும். மேலே இருக்கும் மண் அடியில் பிடிமானம் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். தோண்டிப்போட்ட மண்குவியலின் பாரமும் அதன் மேல்தான் இருக்கும். அந்த விளிம்பில் போய் ஐந்து பேர் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மண்ணின் எடை யாருக்கும் மனதில் பதிவதில்லை. ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு மண் கட்டி ஒன்றரை டன்னிலிருந்து இரண்டு டன் வரை இருக்கும். ஒரு மைவி கார் ஏறக்குறைய ஒரு டன். மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம், அரை மீட்டர் தடிப்பு உள்ள ஒரு சுவர்த்துண்டு சரிந்தால் நான்கு மைவி கார்கள் ஒன்றாக மேலே விழுந்த மாதிரி. அது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். சத்தம் கேட்டுத் தாவி ஏறிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மார்பு வரை புதைந்தவருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. மூச்சை விடும்போது மார்பு கொஞ்சம் சுருங்கும். அந்த இடைவெளியில் மண் இறங்கி நிரம்பிவிடும். அடுத்த மூச்சை இழுக்க மார்புக்கு இடம் இருக்காது. முகம் வெளியே தெரிந்தாலும் மூச்சு முட்டுவது இதனால்தான். அதற்காகக் கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது. இடுப்பு வரை புதைந்தவரை ஈர மண் உறிஞ்சிப் பிடித்திருக்கும். எத்தனை பேர் இழுத்தாலும் ஆள் வரமாட்டார், தோள்தான் கழன்று வரும்.

சரி, அப்படியென்றால் என்னதான் செய்வது? உங்கள் வேலை முழுவதும் குழிக்கு வெளியே இருக்கிறது. அது சின்ன வேலையும் இல்லை.

முதலில் குரல் கொடுத்து எல்லோரையும் விளிம்பிலிருந்து விரட்டுங்கள். உறவுக்காரர், கூட வேலை செய்தவர், கைப்பேசியில் படம் எடுப்பவர் எல்லோரும் பதினைந்து மீட்டராவது தள்ளிப் போகட்டும். எக்ஸ்கவேட்டரை நின்ற இடத்திலேயே அணைக்கச் சொல்லுங்கள், நகர்த்த வேண்டாம். தோட்டப் பாதையில் செம்பனை லோரி வந்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள், அதன் அதிர்வு போதும் சுவரை விழவைக்க.

அப்புறம் 999. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ‘ஆள் குழியில் விழுந்துவிட்டார்’ என்று மட்டும் சொன்னால், கேட்பவர் ஏணி இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வார். ‘மங்சா தெர்திம்புஸ், லுபாங் கோரேக்கான்’ (தோண்டிய குழியில் ஆள் புதைந்துவிட்டார்) என்று மலாயில் சொல்லுங்கள். எத்தனை பேர், குழி எவ்வளவு ஆழம், தலை தெரிகிறதா இல்லையா, எத்தனை மணிக்குச் சரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் தோட்டங்களின் பழைய பெயர்கள் பல வரைபடத்தில் கிடைப்பதில்லை. மோட்டார் சைக்கிள் உள்ள ஒரு பையனைப் பெரிய ரோட்டு முனைக்கு அனுப்பி நிற்கச் சொல்லுங்கள். தோட்டத்து கேட்டுக்குச் சங்கிலி போட்டிருந்தால் சாவிக்காரரைக் கையோடு கூட்டிவரச் சொல்லுங்கள்.

ஒருவர் மேஸ்திரியைத் தனியே அழைத்துப்போய்க் கேட்க வேண்டும்: உள்ளே எத்தனை பேர், கடைசியாக எந்த இடத்தில் நின்றார்கள், கீழே கேபிள் ஓடுகிறதா, கேஸ் குழாய் இருக்கிறதா? குழியில் கிடக்கும் தொப்பி, மண்வெட்டி, பாதி பொருத்திய குழாய் எதையும் எடுக்காதீர்கள். ஆள் எங்கே நின்றார் என்பதற்கு அவைதான் அடையாளம்.

அடுத்தது பலகை. எட்டுக்கு நாலு அடிப் பலகைகளைக் குழியின் முனைகளிலிருந்து தொடங்கி விளிம்பு நெடுகப் பரப்ப வேண்டும். உங்கள் பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவுவதற்காக இது. உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துப் பின்கட்டில் திருவிழாப் பந்தலுக்கு வைத்திருக்கும் பலகைகள் இருக்குமே, அவையே போதும். குழியின் நீளப்பக்கமாக நெருங்காதீர்கள், இரண்டு முனைகளிலிருந்து நெருங்குங்கள். முனை குறுகலானது, சரிந்தாலும் கொஞ்ச மண்தான் சரியும். இரு முனையிலும் ஏணி இறக்குங்கள். காயமில்லாமல் உள்ளே நிற்பவர் தானாக ஏறி வரட்டும். மழை பிடித்தால் குழிக்குள் தண்ணீர் ஓடாமல் மண்ணை அணைத்துத் திருப்பி விடுங்கள்.

பொம்பா வந்ததும் இரண்டு சுவரிலும் பலகை இறக்கி, குறுக்கே முட்டுக் கொடுத்து, அதற்குள்தான் ஆளை இறக்குவார்கள். சின்ன மண்வெட்டியும் வாளியும் கொண்டு அள்ளுவார்கள். இதற்கு மணிக்கணக்கில் ஆகலாம். பார்ப்பவர்களுக்கு வயிறு எரியும். ஏன் இவ்வளவு மெதுவாகச் செய்கிறார்கள் என்று கூட்டம் கொந்தளிக்கும்போது அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்களாக முட்டுக் கொடுக்கப் போக வேண்டாம். அதற்குப் பயிற்சி வேண்டும், அதற்கும் குழிக்குள் இறங்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு விலக்கு சொல்கிறேன். இதை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். புதைந்தவரின் முகம் குழியின் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது, மேலிருந்து கை எட்டுகிறது என்றால் இறங்காமலே உதவலாம். முனையில் பலகை போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, கையால் வாயையும் மூக்கையும் சுற்றியுள்ள மண்ணை விலக்குங்கள். பிறகு மார்பைச் சுற்றி. கவனியுங்கள், முனையிலிருந்து மட்டும். மண்குவியல் அந்த முனையில் இருக்கக் கூடாது. தரையில் வெடிப்பு இருக்கக் கூடாது. படுத்திருப்பவரின் கால்களை இருவர் பின்னாலிருந்து பிடித்திருக்க வேண்டும். நான்காவது ஆள் வேறு எதையும் செய்யாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மண் பொலபொலவென்று உதிர ஆரம்பித்தால் அவர் ஒரே சொல்லில் கத்துவார், நீங்கள் அந்த நொடியே பின்னால் வந்துவிட வேண்டும். கை எட்டவில்லையா? ‘இன்னும் ஒரு சாண்தான், ஒரு காலை மட்டும் உள்ளே வைக்கிறேன்’ என்ற பேச்சு வேண்டாம். அந்த ஒரு சாணில் விலக்கு முடிந்துவிட்டது. அவருக்கு நினைவும் கையசைவும் இருந்தால் ஒரு தலைக்கவசத்தையும் சின்ன மண்வெட்டியையும் கயிற்றில் கட்டி இறக்குங்கள், அவரே மார்புப் பக்கத்து மண்ணை விலக்கட்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அவர் பாஷை தெரிந்த தோழர் ஒருவரைத் தூரத்தில் நிறுத்திப் பேசவையுங்கள்.

கால் கனமான மண்ணுக்கடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நசுங்கிக் கிடந்திருந்தால் அதை ஆம்புலன்ஸ்காரரிடம் நேரத்தோடு சொல்லிவிடுங்கள். நசுங்கிய தசையில் சேரும் நச்சு, பாரத்தை எடுத்ததும் ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடலாம். அதனால் காலை விடுவிப்பதற்கு முன்பே நரம்பில் மருந்து நீர் ஏற்ற வேண்டியிருக்கும். முகமும் மார்பும் அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி நான் மிகவும் அஞ்சும் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். ‘மெஷின் இங்கேதான் நிற்கிறது, ஐந்து நிமிடத்தில் அள்ளி எடுத்துவிடுகிறேன்’ என்று சொல்லும் துணைக் குத்தகையாளர்தான் அவர். எக்ஸ்கவேட்டர் வாளியின் பல் இரும்பு. அதற்கு மண் எது, மனித உடம்பு எது என்று தெரியாது. கயிறு கட்டி மெஷினால் இழுப்பதும் அப்படித்தான். நீங்கள் தன்னார்வலர் என்பதால் அவர் உங்களை அதட்டுவார். அசையாதீர்கள். மெஷின் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய அவசரத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். பெரிய கம்பெனி எடுத்த வேலை இரண்டு மூன்று கை மாறி அவரிடம் வந்திருக்கும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்) நின்றுவிடும். கடைசிக் கையில், சுவருக்குத் தாங்கு வைக்கக் காசு மிச்சமிருக்காது. உள்ளே நின்றவருக்கு வேலை பெர்மிட்டும் இருக்காது. 999 அழைத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் ‘நாமே பார்த்துக்கொள்ளலாம்’ என்பார். நான் மீட்புப் பணியில் இருந்த காலத்தில் ஓரிடத்துக்கு எங்களை அழைத்தது மண் சரிந்து முக்கால் மணி நேரம் கழித்து. அழைத்தவர் வழியில் போன ஒரு பால்வெட்டும் அம்மா.

அட்டை வியாபாரிகளையும் சொல்லாமல் விட முடியாது. கட்டுமான வேலைக்குப் பச்சை அட்டை வேண்டும். அது ஒரு நாள் அறிமுகப் பாடம், அவ்வளவுதான். அந்த அட்டையைக் காட்டி ‘எங்கள் ஆட்களுக்கு எல்லாப் பாதுகாப்புப் பயிற்சியும் உண்டு’ என்பார்கள். உங்களிடமும் ஒருவர் வருவார், ‘சனிக்கிழமை அரை நாள், குழி மீட்பு சான்றிதழ், இத்தனை வெள்ளி’ என்று. குழி மீட்பை நாற்காலியில் உட்கார்ந்து படிக்க முடியாது. உங்கள் பகுதி பொம்பா நிலையத்தில் கேட்டு அவர்களோடு சேர்ந்து பழகுங்கள்.

1.5 மீட்டர் என்று ஒரு அளவு இருக்கிறது. அதற்கு மேல் ஆழமென்றால் சுவருக்குத் தாங்கு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இதைப் பிடித்துக்கொண்டு 1.4 மீட்டர் வெட்டிவிட்டு ‘தேவையில்லை’ என்கிறார்கள். குழாயை இணைப்பவர் நிமிர்ந்து நிற்பதில்லை. முட்டி போட்டுக் குனிந்திருப்பார். அவருக்கு அந்தக் குழி தலைக்கு மேல்தான்.

உங்கள் பக்கத்துச் செம்மண் வெயிலில் செங்கல் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கிந்தா பள்ளத்தாக்கில், பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகள் இருந்த இடங்களில், மணலும் சேறும் மாறி மாறிக் கிடப்பதால் குழி வெட்டும்போதே புத்தி சொல்லிவிடும். செம்மண் அப்படிச் சொல்லாது. பழைய குழாய்க்காக முன்பே ஒருமுறை தோண்டி மூடிய இடம் எல்லாவற்றையும் விட மோசம். ஒரு குழியின் ஓரத்தில், விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளி, புல்லுக்கு நடுவே நூல் போல ஒரு வெடிப்பைப் பார்த்தேன். இருபது சென் காசை அதில் செருகினேன். பாதிக் காசு வெளியே நின்றது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது காசைக் காணவில்லை, உள்ளே போய்விட்டது. ஆட்களை உடனே மேலே ஏற்றினோம். பிற்பகல் மழையில் அந்தச் சுவர் அப்படியே விழுந்தது. குழிக்கு இணையாக ஓடும் இப்படிப்பட்ட வெடிப்பைப் பார்த்தால் யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி 2024 ஜூன் 1 முதல் நடப்புக்குக் கொண்டுவந்தார்கள். கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகும். உடனடி ஆபத்து இருக்கிறது என்று சொல்லியும் முதலாளி எதுவும் செய்யாவிட்டால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அந்த வங்காளதேசத் தம்பியிடம் இதை எந்த மொழியில் யார் சொன்னார்கள்? கோப்பில் எல்லாம் சரியாக இருக்கும், ஆய்வுப் படிவத்தில் கையெழுத்து இருக்கும், குழியில் ஏணி இருக்காது. கோப்பைப் பார்க்கிற நேரத்தில் பாதியையாவது குழியைப் பார்க்கச் செலவிட்டிருந்தால் உங்கள் கடிதம் எனக்கு வந்திருக்காது.

நீங்கள் காப்பாற்றியவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதவில்லை. எழுந்து நடந்தாலும் அவரை மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஏஜெண்டு வந்து பக்கத்து கிளினிக்கில் காட்டி, கையில் நூறு இருநூறு வெள்ளி கொடுத்து கொங்சிக்கு, அதாவது தொழிலாளர் கொட்டகைக்கு, திருப்பி அனுப்பிவிடுவார். 2019 ஜனவரி 1 முதல் முறையான பெர்மிட் உள்ள வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலையிட விபத்துப் பாதுகாப்பு உண்டு. சரிந்த தேதி, நேரம், பார்த்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடமே கொடுத்து வையுங்கள்.

அந்தக் குழி இன்னும் மூடப்படவில்லை என்றுதான் தெரிகிறது. நாளைக் காலையில் போய்ப் பாருங்கள், ஆனால் விளிம்புக்குப் போக வேண்டாம். ஏணி இருக்கிறதா, மண்குவியல் விளிம்பிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்கிறதா, தரையில் வெடிப்பு ஓடுகிறதா என்று தூரத்திலிருந்தே தெரியும். இவற்றில் ஒன்று தவறாக இருந்தாலும் படத்தோடு தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குப் புகார் கொடுங்கள். திரும்பும் வழியில் கோயில் தலைவரைப் பார்த்து, பந்தல் பலகைகள் வைத்திருக்கும் அறையின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்று கேட்டு வையுங்கள்.