பிளாக்ஜாக்கில் ஏஸின் மதிப்பை எந்த கிளாஸில் வைப்பது?

புரோகிராமிங்கில் கிளாஸ் (ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கும் அச்சு) வடிவமைப்பு பழக, பிளாக்ஜாக் (21-ஐத் தாண்டாமல் கூட்ட வேண்டிய, ஏஸை 1 ஆகவோ 11 ஆகவோ எண்ணும் சீட்டாட்டம்) எழுதுபவரின் கேள்வி: 52 சீட்டுக்கும் தனித்தனி கிளாஸ் வேண்டுமா, ஏஸின் மதிப்பு எங்கே இருக்க வேண்டும்?

முதலாவதற்குப் பதில் சுருக்கம்: வேண்டாம். சீட்டு என்று ஒரே கிளாஸ், அதிலிருந்து 52 ஆப்ஜெக்ட். ஸ்பேடா ஹார்ட்டா என்பது ஒன்று, எந்த எண் என்பது இன்னொன்று. உருவான பிறகு இரண்டும் மாறக்கூடாது.

இரண்டாவதுதான் சுவையான இடம். நானும் ஆரம்பத்தில் சீட்டு கிளாஸிலேயே மதிப்பு என்று ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்) எழுதி, ஏஸுக்கு 11 வைத்தேன். கையில் ஏஸும் 9-ம் இருந்தபோது 20 வந்தது, சரி. அடுத்து ஒரு 5 விழுந்ததும் 25 ஆகி, 21-ஐத் தாண்டியதால் ஆள் அவுட்! அங்கே ஏஸ் 1 ஆகி, மொத்தம் 15 வந்திருக்க வேண்டும். கூட இருக்கும் சீட்டுகளைப் பார்க்காமல் ஏஸால் தன் மதிப்பைச் சொல்ல முடியாது. அவற்றைப் பார்க்கக்கூடியது கை என்னும் கிளாஸ்தான். கூட்டும் வேலையை அங்கே கொண்டுபோங்கள். எல்லா ஏஸையும் 1 என்றே கூட்டுங்கள். ஒரு ஏஸாவது இருந்து, மொத்தம் 11-ஐத் தாண்டாவிட்டால் 10 சேருங்கள், அவ்வளவுதான். நாளைக்கே ரம்மி எழுத உட்கார்ந்தாலும் சீட்டு கிளாஸைத் தொட வேண்டியிருக்காது.

அப்புறம் சீட்டுக்கட்டு. அதை லிஸ்ட்டிலிருந்து இன்ஹெரிட் செய்யாதீர்கள் (அதாவது, லிஸ்ட்டின் மெத்தடுகளை அப்படியே பெறும் கிளாஸாக எழுதாதீர்கள்). செய்தால் நடுவில் சீட்டைச் செருகும் மெத்தடும் கூடவே வந்துவிடும். கள்ளாட்டத்துக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. லிஸ்ட்டை உள்ளே ஒளித்துவைத்து, கலைப்பது, ஒரு சீட்டு கொடுப்பது என இரண்டு மெத்தடை மட்டும் வெளியே காட்டுங்கள். கலைப்பதற்கு பைத்தான், ஜாவா இரண்டிலும் ஷஃபிள் தயாராகவே இருக்கிறது.