உணவுச் சந்தா நிறுவனம் திவாலானால் யார் பணம் திரும்பும்? – கேள்வி பதில்

முன்பணம் வாங்கிக்கொண்டு வாராவாரம் வீட்டுக்கே உணவுப்பொருள் கொண்டுவந்து தரும் உள்ளூர் நிறுவனங்கள் நொடித்துப்போவதைப் பற்றி வந்த கேள்விகள் இவை. நொடிப்பு வழக்குகளில் கணக்குப் பார்ப்பது என் தொழில். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், பெரிய தொகை என்றால் ஒரு வக்கீலிடமும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஆறு மாதச் சந்தாவை மொத்தமாகக் கட்டினேன். இரண்டு மாதம்தான் பெட்டி வந்தது. இப்போது மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்கள். மீதிப் பணம் வருமா சார்?

எப்படிக் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. கடன் அட்டையில் கட்டியிருந்தால் இன்றைக்கே உங்கள் வங்கிக்கு எழுதுங்கள். பணம் கட்டியும் பொருள் வரவில்லை என்று சொல்லி, அட்டை வழியாகவே தொகையைத் திரும்பக் கேட்கலாம். இதற்குக் கெடு உண்டு. நிறுவனத்தின் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க நியமிக்கப்படும் கலைப்பாளர் வரட்டும், பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தே பலர் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். ரசீது, கடைசியாகப் பெட்டி வந்த தேதி, நிறுவனம் அனுப்பிய அறிவிப்பு மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

ரொக்கமாகவோ வங்கிக் கணக்குக்கோ கட்டியிருந்தால், கலைப்பாளரிடம் கோரிக்கைப் படிவம் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கேள்வி: அந்த வரிசையில் நாங்கள் எங்கே நிற்கிறோம்?

பெரும்பாலான நாடுகளில் கடைசிக்குப் பக்கத்தில். முதலில் கலைப்புச் செலவு. பிறகு அடமானம் வாங்கி வைத்திருக்கும் வங்கி, தொழிலாளர் சம்பளம். இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 53 ஆவது பிரிவு இந்த வரிசையைச் சொல்கிறது. சரக்கு கொடுத்தவர்களும் முன்பணம் கட்டியவர்களும் அங்கே அரசு பாக்கிக்கும் கீழேதான் வருகிறார்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்காக முன்பணம் கட்டியவருக்கு ஒரு வரம்பு வரை சட்டமே முன்னுரிமை தருகிறது. மற்ற நாடுகளும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வங்கி கணக்குப் பார்த்துக் கடன் கொடுக்கிறது. முன்பணம் கட்டும் குடும்பம் நம்பிக் கொடுக்கிறது.

கேள்வி: ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது, புது வண்டிகூட வாங்கினார்கள். அப்புறம் எப்படி ஒரே வாரத்தில் மூடினார்கள்?

ஒரே வாரத்தில் எதுவும் நடப்பதில்லை. இந்தத் தொழிலின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: சந்தாப் பணம் வந்த அன்றே அதை விற்பனை என்று எழுதியிருக்கிறார்களா?

இருபத்தாறு வாரத்துக்கு ஒருவர் பணம் கட்டினால், அன்றைக்கு அந்த நிறுவனம் இருபத்தாறு பெட்டி கடன்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் வாசலில் இறங்கும்போதுதான் ஒரு பங்கு வருமானமாகிறது. மொத்தத்தையும் முதல் நாளே விற்பனை என்று எழுதினால் லாபம் கொழிப்பதுபோலத் தெரியும். அந்தத் தெம்பில் குளிர்பதன அறை, வண்டி, விளம்பரம் என்று செலவு ஏறும். பத்தாவது வாரப் பெட்டியை நிரப்பப் பழைய பணம் இருக்காது; புதிதாகச் சேர்ந்தவரின் முன்பணத்தில்தான் நிரப்புவார்கள். ஆள் சேரும் வேகம் கூடிக்கொண்டே இருக்கும்வரை ஓட்டை வெளியே தெரியாது. சேருபவர்கள் குறையக்கூட வேண்டாம், கூடுவது நின்றாலே போதும். கை கடிக்க ஆரம்பிக்கும்.

இதோடு விநியோகச் செலவு சேரும். ஒரு தெருவில் பத்து வீட்டுக்குப் பெட்டி இறக்கினாலும், ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நாலு வீட்டுக்கு இறக்கினாலும் ஓட்டுநரின் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான். புதுப் பகுதிக்குப் போகப் போக வீடுகள் தள்ளித் தள்ளி அமையும், ஒரு பெட்டிக்கான செலவு ஏறும். வாடாமல் இருக்கப் பனிப்பொதி, கெட்டதற்கு மாற்று, இலவசமாகக் கொடுத்த முதல் பெட்டி எல்லாம் தனி. பெரிய அளவிலும் இதே கதைதான். வீட்டுக்கே மளிகை கொண்டுபோய்க் கொடுத்த அமெரிக்காவின் வெப்வேன் நிறுவனம் 1999 இல் பங்குச் சந்தைக்கு வந்தது. ஆர்டர் வருவதற்கு முன்பே பிரம்மாண்டக் கிடங்குகளைக் கட்டியது. 2001 ஜூலையில் மூடியது.

ஆகவே புது வண்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். “ஒரு வருடம் கட்டினால் மூன்று மாதம் இலவசம்” என்று திடீர்ச் சலுகை வந்தால்தான் உஷாராக வேண்டும். கையில் பணம் தீர்ந்த நிறுவனம் அப்படித்தான் கூவும்.

கேள்வி: நான் முகவர். என்னை நம்பித்தான் அக்கம்பக்கத்தார் கட்டினார்கள். இப்போது வாசலில் வந்து கேட்கிறார்கள். நான் கொடுக்க வேண்டுமா?

வாங்கிய பணத்தை முழுதாக நிறுவனத்தில் செலுத்தி, ரசீதும் நிறுவனத்தின் பெயரிலேயே கொடுத்திருந்தால் பொதுவாகக் கடன் உங்களுடையது ஆகாது. இன்னும் செலுத்தாமல் கையில் ஏதாவது இருந்தால் தொடாதீர்கள், நிறுவனத்துக்கும் அனுப்பாதீர்கள். வக்கீலைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது அம்மா. பிரிட்டனில் ஃபேர்பாக் என்ற நிறுவனம் கிறிஸ்துமஸ் உணவுக் கூடைக்காக வருடம் முழுக்கச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தது. வசூல் செய்தவர்கள் உங்களைப் போல அக்கம்பக்கத்து முகவர்கள். 2006 அக்டோபரில், பண்டிகைக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது மூடிவிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது, சுமார் 3.7 கோடி பவுண்டு. அந்தப் பணம் தனிக் கணக்கில் இல்லை. தாய் நிறுவனத்தின் வங்கிக் கடனைத் தாங்கிப் பிடிக்கப் போயிருந்தது. முகவர்களில் பலர் தாங்களும் பணம் இழந்துவிட்டு, தெருவில் தலைகாட்ட முடியாமல் தவித்தார்கள். 2012 இல், அந்தக் கடனைக் கொடுத்த வங்கியின் உரிமையாளரான லாயிட்ஸ் வங்கிக் குழுமம் 80 லட்சம் பவுண்டு கூடுதலாகக் கொடுக்க முன்வந்த பிறகும், பவுண்டுக்குச் சுமார் 50 பென்ஸ் என்ற அளவுக்குத்தான் வந்தது. கூடையே வாங்காதவர்களுக்கு ஆறு வருடம் கழித்துப் பாதிப் பணம்!

உங்கள் வசூல் நோட்டை நகலெடுத்து ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கைக் கொடுங்கள். அவர்கள் பெயரில் கோரிக்கைப் படிவம் நிரப்ப உதவுங்கள்.

கேள்வி: விவசாயி நான். மூன்று வாரச் சரக்குக்குப் பணம் வரவில்லை. என் பிளாஸ்டிக் கூடைகளும் அவர்கள் கிடங்கில் மாட்டிக்கொண்டன.

கூடை உங்கள் சொத்து. பெயரோ அடையாளமோ இருந்தால், எண்ணிக்கையும் படமும் சேர்த்துக் கலைப்பாளருக்கு உடனே எழுதுங்கள். கிடங்கு ஏலத்துக்குப் போகும் முன் எழுத வேண்டும். நீங்களாகப் போய் எடுத்து வராதீர்கள், திருட்டு வழக்கில் முடியும்.

சரக்குப் பணம் கஷ்டம். பணம் கைக்கு வரும்வரை சரக்கு உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், தக்காளி அழுகியிருக்கும் அல்லது யாரோ சாப்பிட்டிருப்பார்கள். அமெரிக்காவில் காய்கனி விற்றவருக்காக 1984 இல் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. சரக்கை வாங்கிய நிறுவனம் அதை விற்றுப் பெற்ற பணம் அறக்கட்டளைச் சொத்தாக, அதாவது சரக்கு கொடுத்தவருக்காக அது பத்திரமாக வைத்திருக்கும் பணமாகக் கருதப்படும், வங்கி அதில் கைவைக்க முடியாது. அதற்கும் உரிய நேரத்தில் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லாத இடத்தில் உங்களுக்குப் பாதுகாப்பு பாக்கியைச் சின்னதாக வைத்திருப்பதுதான். முதல் வாரப் பணம் வராமல் இரண்டாவது வாரச் சரக்கை ஏற்றாதீர்கள்.

கேள்வி: டெலிவரி ஓட்டினேன். கடைசி மாதச் சம்பளம்?

உங்களுக்கு முன்னுரிமை உண்டு, ஊழியர் என்று நிரூபிக்க முடிந்தால். பிரிட்டன் போன்ற நாடுகளில் அரசு நிதியே ஒரு வரம்பு வரை சம்பள பாக்கியைக் கொடுக்கும். “ஒப்பந்தக்காரர்” என்று கையெழுத்து வாங்கியிருந்தால் தொழிலாளர் துறைக்குப் போங்கள். வேலை நேரம், வழித்தடப் பட்டியல், வாட்ஸ்அப் உத்தரவுகளை அழிக்காதீர்கள்.

கேள்வி: மூடுவதற்கு ஒரு மாதம் முன்பு முதலாளி தன் தம்பியின் கடனை மட்டும் அடைத்துவிட்டாராம். கேட்க முடியாதா?

முடியும். ஒருவரை மட்டும் முந்திக் கவனித்தால் அந்தப் பணத்தைத் திரும்ப இழுக்கச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் நெருங்கியவர்கள் என்றால் இரண்டு வருடம் பின்னோக்கிப் பார்ப்பார்கள், மற்றவர்களுக்கு ஒரு வருடம். தெரிந்ததைக் கலைப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: “இன்னும் ஒரு மாதச் சந்தா முன்கூட்டிக் கட்டினால் நிறுவனத்தைக் காப்பாற்றலாம்” என்று கேட்கிறார்கள். கட்டலாமா?

வேண்டாம்.

கேள்வி: இதே தொழிலை நான் தொடங்கப்போகிறேன். முன்பணமே வாங்கக் கூடாதா?

வாங்கலாம் தம்பி. விதைப்புக்கு முன்பே உறுப்பினர்கள் பணம் கொடுத்து, விளைச்சலில் பங்கு வாங்கும் முறை அமெரிக்காவில் 1986 முதல் நடக்கிறது. மழை பொய்த்தால் பெட்டி சிறுக்கும் என்று தெரிந்தேதான் அவர்கள் கட்டுகிறார்கள். உங்கள் வண்டிக் கடனுக்குத் தங்கள் பணம் போகும் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

சந்தாவுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வெறும் தனிக் கணக்கு போதாது. அது வாடிக்கையாளருக்காக வைத்திருக்கும் அறக்கட்டளைக் கணக்கு என்று வக்கீலை வைத்து எழுதி, வங்கியிடமும் பதிவு செய்யுங்கள். ஃபேர்பாக் இயக்குநர்கள் இதைக் கடைசி நாள்களில் அவசர அவசரமாகச் செய்யப் பார்த்தார்கள். அதற்குள் பெரும்பகுதிப் பணம் போய்விட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் இறக்கிய பெட்டிகளுக்கான தொகையை மட்டும் செலவுக் கணக்குக்கு மாற்றுங்கள். அந்தத் தொகையில் விவசாயிக்கும் ஓட்டுநருக்கும் கொடுக்க முடியவில்லை என்றால் உங்கள் விலை தப்பு. அடுத்த தெருவுக்குப் போவதற்கு முன் விலையைச் சரிசெய்யுங்கள்.