ஓரியன்டேஷனில் ஒன்றுமே புரியவில்லை, ஊருக்கே திரும்பிவிடலாமா?

கேள்வி: நான் அறந்தாங்கி பக்கத்துக் கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். ஓரியன்டேஷன் என்று ஆடிட்டோரியத்தில் நாள்கணக்கில் உட்காரவைத்து இங்கிலீஷில் பேசினார்கள். பாதிகூடப் புரியவில்லை, மற்றவர்கள் சிரித்தபோது நானும் சிரித்துவைத்தேன். வகுப்பிலும் இதே கதைதான். ஹாஸ்டலில் சில சீனியர் அக்காக்கள் ராத்திரி கூப்பிட்டு நிற்கவைத்து, இங்கிலீஷில் பேசச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கவுன்சிலர் இருக்கிறாராம், அங்கே போனால் பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று பயம். தினமும் அழுகிறேன். அம்மாவிடம் சொன்னால் உடைந்துபோவார். ஊருக்கே வந்து பக்கத்தில் ஏதாவது கலைக் கல்லூரியில் சேர்ந்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் ம்மா. கலைக் கல்லூரி ஒன்றும் குறைச்சல் இல்லை, பிடித்துப்போய் சேர்ந்தால் அருமையான படிப்பு. ஆனால் நீ அதைப் பிடித்துக் கேட்கவில்லை, இங்கிருந்து தப்பிக்கக் கேட்கிறாய். அதனால் முதல் செமஸ்டர் முடியும்வரை அந்த முடிவை எடுக்காதே. இப்போது உனக்கு வேண்டியது வேறு கல்லூரி இல்லை, இதே கல்லூரியில் எந்தக் கதவை எதற்குத் தட்டுவது என்ற விவரம். அதைத்தான் ஓரியன்டேஷனில் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

இதில் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. பொறியியல் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கிற மத்திய அமைப்பு) மூன்று வார அறிமுகப் பயிற்சி என்று ஒன்றை வகுத்துக் கொடுத்திருக்கிறது. சுமார் இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு, அவர் அந்தப் பிள்ளைகளோடு சின்னக் குழுவாக உட்கார்ந்து பேசவேண்டும், இங்கிலீஷிலோ கம்ப்யூட்டரிலோ பின்தங்கியவர்களுக்கு அந்த நாட்களிலேயே கொஞ்சம் கைகொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதாவது உன்னைப் போன்ற பிள்ளையை மனதில் வைத்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள். ஆனால் நிறைய இடங்களில் நடப்பது என்ன? முந்நூறு நானூறு பேரை ஒரு ஹாலில் அடைத்து, சிறப்பு விருந்தினர் ஒருவர் பேசி, பிளேஸ்மென்ட் படம் காட்டி, பொன்னாடை போர்த்தி முடித்துவிடுகிறார்கள். அது உனக்குப் புரியாமல் போனதால் நீ இழந்தது பெரிதாக ஒன்றும் இல்லை, நம்பு.

அந்தப் பொறுப்பு ஆசிரியர் மட்டும் உன் கல்லூரியிலும் கட்டாயம் இருப்பார். மென்டர் என்பார்கள், டியூட்டர் என்பார்கள், கிளாஸ் அட்வைசர் என்பார்கள். உனக்கு யார் என்று டிபார்ட்மென்ட் ஆபீஸில் கேள், நோட்டீஸ் போர்டிலும் பட்டியல் ஒட்டியிருக்கலாம். திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அவர் அறைக்குப் போ. தமிழிலேயே பேசு. "சார், நான் தமிழ் மீடியத்திலிருந்து வந்திருக்கேன், வகுப்பைப் பிடிக்க முடியல, தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு பிரிட்ஜ் கோர்ஸ் ஏதாவது இருக்கா, என்னை மாதிரி வந்து படிச்ச சீனியர் யாரையாவது தெரியுமா?" இவ்வளவுதான். பிரிட்ஜ் கோர்ஸ் என்றால் விட்டுப்போன அடிப்படையைச் சொல்லித்தருகிற கூடுதல் வகுப்பு. இதை முதல் இன்டர்னலுக்கு, அதாவது செமஸ்டர் நடுவில் வைக்கிற தேர்வுக்கு, முன்னாலேயே கேட்டுவிடவேண்டும். கல்லூரியில் பல வருஷம் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், தேர்வுக்கு முன்னால் வந்து நிற்கிற பிள்ளைக்கு எங்களால் செய்ய முடிகிறதில் கால்வாசிகூட அரியர் விழுந்த பிறகு வருகிற பிள்ளைக்குச் செய்ய முடிவதில்லை. தியரி பாடத்தின் மதிப்பெண்ணில் இன்டர்னலுக்கும் ஒரு பங்கு உண்டு, அது செமஸ்டர் நடக்கும்போதே சேர்கிற மதிப்பெண். வருகை 75 சதவீதம் வேண்டும். அதனால் அழுகை வருகிற நாளிலும் வகுப்புக்குப் போய்விடு, புரியாவிட்டாலும் உட்கார்ந்துவிடு.

சரி, பாடம். இங்கேதான் நீ உன்னைத் தேவையில்லாமல் மட்டம் தட்டிக்கொள்கிறாய். முதல் செமஸ்டர் கணக்கில் மேட்ரிக்ஸ் நடத்துகிறார்களே, அது உனக்குப் புதிதா? பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தான். நேர்மாறு அணி கண்டுபிடிக்க எத்தனை கணக்கு போட்டிருப்பாய்! அந்தக் கணக்கின் தொடர்ச்சியைத்தான் ஆசிரியர் போர்டில் போடுகிறார், இங்கிலீஷ் பெயர்கள்தான் உனக்குப் பழக்கமில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. நம் பாடநூல் கழகப் புத்தகம் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டுக்கும் ஒரே பாடம், ஒரே வரிசை, ஒரே பயிற்சிக் கணக்கு. ஆங்கிலவழிப் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. போனில் இறக்கிக்கொண்டு, உன் பழைய தமிழ்ப் புத்தகத்தை ஊரிலிருந்து வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து தினம் அரைமணி நேரம் பார். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றுக்கும் இது போதும். ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உனக்குத் தெரிந்த கணக்கே அர்த்தத்தைச் சொல்லிவிடும். பைத்தான் என்ற புரோகிராம் எழுதுகிற மொழி மட்டும் நிஜமாகவே புதிது, அது இங்கிலீஷ் மீடியத்தில் வந்த நிறையப் பேருக்கும் புதிதுதான். லேபில் ஓரமாக உட்காராதே, முன்வரிசை கம்ப்யூட்டரைப் பிடி. புரோகிராம் ஓடாவிட்டால் லேப் உதவியாளரைக் கூப்பிட்டுக் கேள், அவர்கள் பெரும்பாலும் பொறுமையாகத் தமிழிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

அடுத்தது ஹாஸ்டல். நீ அதை இரண்டே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ராத்திரி கூப்பிட்டு நிற்கவைத்து, பேசச் சொல்லிச் சிரிப்பது ராகிங். அடித்தால்தான் ராகிங் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. 1996-ல் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பயமோ வெட்கமோ சங்கடமோ உண்டாக்குகிற செயலையும் அந்தச் சட்டம் ராகிங் என்றே சொல்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம் எல்லாம் உண்டு. புகார் வந்தால் கல்லூரித் தலைமை விசாரித்தே ஆகவேண்டும், வேண்டுமானால் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. முதலில் வார்டனிடம் சொல். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ரூம்மேட்டைக் கூட்டிக்கொண்டு போ, அவளுக்கும் இதே நடந்துகொண்டிருக்கும். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த அறையில் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள். வார்டன் "எல்லாம் ஜாலிக்குத்தான் ம்மா" என்று சொன்னால் அங்கேயே நிற்காதே, கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவுக்குப் போ. அதற்கும் மேலே 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது, இலவசம். சீனியர்களைப் பகைத்துக்கொண்டு எப்படி நாலு வருஷம் ஓட்டுவது என்று யோசிப்பாய். எல்லா சீனியரும் இப்படி இல்லை, உன்னைக் கூப்பிடுவது நாலைந்து பேராக இருக்கும். மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற அமைதியான சீனியர்களில் உன்னைப் போலவே வந்தவள் ஒருத்தியாவது கட்டாயம் இருப்பாள். போய்ப் பேசு, பழைய நோட்டும் கொஸ்டின் பேப்பரும் அவளிடம்தான் கிடைக்கும்.

கவுன்சிலரைப் பற்றிக் கேட்டாய். அவரிடம் போகிறவர்களில் நிறையப் பேர் உன்னைப் போலத் தூக்கம் வராமல், வீட்டு ஞாபகத்தில், படிப்பு பயத்தில் போகிறவர்கள்தான். ஜுரம் என்றால் டாக்டரிடம் போகிறோம், அது மாதிரிதான் இதுவும். போனதும் முதல் கேள்வியாக, "நான் சொல்றது வெளியில போகாதுல்ல மேடம்?" என்று கேட்டுவிடு, அதைக் கேட்க உனக்கு உரிமை உண்டு. கல்லூரிக்குள்ளே பேசவே பிடிக்கவில்லையென்றால் 14416-க்குப் போன் போடு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற மாதிரி எண்ணம் ஒரு தடவை எட்டிப்பார்த்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்திராதே, அந்த நிமிஷமே ரூம்மேட்டை எழுப்பு, அந்த எண்ணைக் கூப்பிடு. நீ அப்படி எதுவும் எழுதவில்லை, ஆனால் தினமும் அழுகிறேன் என்று எழுதுகிற பிள்ளையிடம் இதைச் சொல்லாமல் என்னால் விடமுடியாது.

கடைசியாக அம்மா. சொல்லாமல் இருந்தால் உடையமாட்டார் என்று நினைக்கிறாய், ஆனால் தினமும் போனில் உன் குரலைக் கேட்கிறவருக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். என்ன நடக்கிறதென்று தெரியாமல் தவிப்பதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம். "கஷ்டமா இருக்கும்மா, சாரைப் போய்ப் பார்க்கப்போறேன், வார்டன்கிட்டயும் சொல்லப்போறேன்" என்று இரண்டையும் சேர்த்தே சொல். செலவைப் பற்றிய பயமும் அவருக்கு இருக்கும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த உனக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசாங்கமே கட்டுகிறது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடு. கல்லூரியில் யாராவது அந்தப் பணத்தை உன்னிடம் கேட்டால் எதற்கென்று எழுத்தில் கேள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும், வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. அதற்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், பொறுப்பு அலுவலர் யார் என்று ஆபீஸில் ஸ்காலர்ஷிப் செக்ஷனில் கேள். ஆதாரும் பாஸ்புக்கும் உன்னிடம் இருக்கும், பள்ளியில் கொடுத்த எமிஸ் எண் (மாணவர் அடையாள எண்) ஞாபகமில்லாவிட்டால் அதை எழுதி வாங்கிவர அம்மாவை நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல். வரும்போது அந்தக் கணக்குப் புத்தகத்தையும் எடுத்து பார்சல் போட்டுவிடட்டும்.