நீங்கள் நேரில் பார்த்து வியந்த பழமையான கல்லறைத் தோட்டம் எது? அங்கே எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

கொல்கத்தாவில் உள்ள தெற்குப் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம். இரண்டு முறை போயிருக்கிறேன், மூன்றாவது முறையும் போவேன்.

முதல் முறை என்னை அங்கே இழுத்துப் போனது ஒரே ஒரு பெயர்: காலின் மெக்கன்சி. வட்டார வரலாறு படிக்கிறவர்களுக்கு 'மெக்கன்சி சுவடிகள்' என்ற பெயர் கண்ணில் படாமல் இருக்காது. தென்னிந்தியாவில் நில அளவை செய்யப் போன இடமெல்லாம் ஓலைச்சுவடி, கல்வெட்டுப் படி, ஊர்க்கதை, வம்சாவளி என்று ஆள் வைத்துத் திரட்டியவர். அதில் ஒரு பகுதி சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இன்றும் இருக்கிறது. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக இருந்த அவர் 1821-ல் இறந்து, இந்தத் தோட்டத்தில்தான் அடக்கமானார். அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்றுதான் உள்ளே போனேன். வெளியே வரும்போது மாலையாகிவிட்டது.

கல்லறைத் தோட்டம் என்றால் சிலுவையும் தரையோடு தரையாகக் கிடக்கும் கல்லும்தானே நம் மனதில் வரும்? இங்கே அப்படி இல்லை. ஒரு சின்ன நகரத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் பிரமிடுகள், நான்கு முகம் கொண்டு மேலே கூம்பிப் போகும் நெடுந்தூண்கள், தூண் வரிசை வைத்துக் குவிமாடம் போட்ட மண்டபங்கள். ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கின்றன, நடுவே சந்து மாதிரி நடைபாதை. மேலே பெரிய மரங்கள் வெயிலை மறைத்துவிடுவதால் நண்பகலிலும் பச்சை நிற வெளிச்சம்தான்.

தோட்டம் திறந்தது 1767-ல். வெளியே இருக்கும் சாலைக்கு அந்தக் காலத்தில் 'இடுகாட்டுச் சாலை' என்றுதான் பெயர். பார்க் ஸ்ட்ரீட் என்பது பின்னால் வந்தது.

இவ்வளவு பெரிய கட்டடங்களைப் பார்த்ததும் முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே சம்பாதித்த பணத்தில் இங்கேயே கோபுரம் எழுப்பிக்கொண்டார்கள் என்று தோன்றியது. அது பொய்யும் இல்லை. ஆனால் கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்ததும் பார்வை வேறு பக்கம் போய்விட்டது. வயதைப் பாருங்கள். 19, 22, 25, 30. பிரசவத்தில் போன பெண்கள், காய்ச்சலில் போன எழுத்தர்கள், குழந்தைகள். சில கற்களில் வருடத்தோடு நிற்காமல் மாதத்தையும் நாளையும் எண்ணி எழுதியிருக்கிறார்கள். அப்புறம் அந்தப் பிரமிடுகளை அகந்தை என்று மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

கட்டடமாகவும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தூரத்தில் கருங்கல் போலத் தெரியும், கருங்கல் அல்ல. வங்காளம் ஆற்று வண்டல் பூமி, கட்டடத்துக்குக் கல் கிடைக்காத இடம். அதனால் உள்ளே முழுக்கச் செங்கல், மேலே சுண்ணாம்புக் காரை. ஒரு தூணின் அடியில் காரை உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன். மேலே மழையில் கறுத்த தோல், அடியில் விரல் தடிமனுக்கு மங்கிய வெள்ளை, அதற்கும் உள்ளே சிவப்புச் செங்கல். அந்த வெடிப்பிலேயே ஒரு அரசங்கன்று வேர் விட்டிருந்தது. இரண்டு இலைதான். அதை அப்படியே விட்டால் சில வருடங்களில் தூணையே பிளந்துவிடும். இந்தத் தோட்டத்தைப் பராமரிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. எதிர்ப்பக்கம் இருந்த வடக்குத் தோட்டம் இன்று இல்லை, அந்த இடத்தில் கட்டடங்கள் வந்துவிட்டன.

இருப்பதிலேயே உயரமான நெடுந்தூண் வில்லியம் ஜோன்ஸுடையது. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786-ல் சொன்னவர். 1784-ல் ஆசியவியல் கழகத்தை நிறுவியவரும் அவர்தான். அந்தக் கழகம் இதே சாலையின் தொடக்கத்தில் இன்றும் நடக்கிறது. 1794-ல் இறந்தபோது அவருக்கு 47 வயது. தன் கல்லறை வாசகத்தைத் தானே எழுதி வைத்திருந்தார். கடவுளுக்கு அஞ்சியவன், சாவுக்கு அஞ்சாதவன் என்று போகும் அந்த வாசகம்.

என் மனதுக்கு நெருக்கமானது அது அல்ல, சார்லஸ் ஸ்டூவர்ட்டின் கல்லறை. அயர்லாந்துக்காரர், கம்பெனிப் படையில் மேஜர் ஜெனரல். தினமும் கங்கையில் குளித்து வந்ததாலும் விக்கிரகங்களை வைத்துப் பூசித்ததாலும் 'ஹிந்து ஸ்டூவர்ட்' என்றே பெயர் வாங்கியவர். 1828-ல் இறந்தார். ரோமானியத் தூண்களுக்கும் பிரமிடுகளுக்கும் நடுவில் இவருக்கு மட்டும் ஒரு சின்னக் கோயில். சிற்பம் செதுக்கிய நிலைவாசலோடு, நம் கண்ணுக்குப் பழகின வடிவத்தில். செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் கை போய்விட்டது. அவர் சேர்த்த சிற்பங்களில் பெரும்பகுதி இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிலைகள் மீது அவருக்கு இருந்த அன்பு உண்மை, அவற்றை அவற்றின் இடத்திலிருந்து எடுத்ததும் உண்மை. அந்த வாசலில் நின்றபோது இரண்டுமே மனதில் ஓடின.

போகிறவர்களுக்கு: குளிர்காலக் காலை நல்லது. மழைக்காலத்தில் பாசி வழுக்கும், கொசு பிடுங்கும். கல்லறைகள் மேல் ஏறாதீர்கள், சாயவும் வேண்டாம், காரை உதிர்ந்துவிடும். வங்காள இளைஞர்களைச் சிந்திக்கத் தூண்டிய ஆசிரியரும் கவிஞருமான டெரோசியோவும் இங்கேதான் இருக்கிறார். 1831-ல் காலராவில் போனபோது அவருக்கு 22 வயது. அவரைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

கடைசியாக ரோஸ் எய்ல்மர். 1800-ல், 20 வயதில், இங்கே வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நிலையில் இறந்த பெண். முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி, வரிகள் சுற்றிச் சுற்றி மேலே ஏறிக் கூம்பும் தூண் அவளுடையது. அவளை முன்பு வேல்ஸ் கடற்கரையில் பழகியிருந்த வால்டர் சாவேஜ் லாண்டர் என்ற கவிஞர், இறந்த செய்தி கேட்டு எட்டே வரியில் ஒரு கவிதை எழுதினார். அந்த வரிகள் அவள் கல்லறையிலேயே பதிக்கப்பட்டிருக்கின்றன.

அதைப் படித்துவிட்டு நடந்தபோது வேறொரு கல் கண்ணில் பட்டது. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் மகனுடையது. படையில் சேர்ந்து இந்தியா வந்து, 1863-ன் கடைசி நாளில் கொல்கத்தாவில் 22 வயதில் இறந்தவர். அவரைப் புதைத்தது பவானிபூரில். கல்லை மட்டும் 1987-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழக மாணவர்கள் பணம் திரட்டி இங்கே கொண்டுவந்தார்கள். அதில் இருந்த பெயர் வால்டர் லாண்டர் டிக்கன்ஸ். அந்தக் கவிஞர்தான் அவருக்கு ஞானத்தந்தை, அவர் பெயரைத்தான் பையனுக்கு வைத்திருக்கிறார்கள். பெயரை இரண்டாம் தடவை படித்தேன். வாசலுக்குப் போகாமல் திரும்பி ரோஸின் தூணுக்கே நடந்தேன். காவலர் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை அங்கேதான் நின்றிருந்தேன்.