பிரான்சின் 'தெபார்த்மான்' என்றால் என்ன? பழைய மாகாணங்களை ஏன் கலைத்தார்கள்?

தெபார்த்மான் என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. 1790-இல், புரட்சியின் நடுவே, நாட்டை 83 ஆகப் பிரித்தார்கள்.

அதற்கு முன் பிரித்தானி, நார்மண்டி, புரோவான்ஸ் என மாகாணங்கள் இருந்தன. மன்னர்கள் போராலும் திருமணத்தாலும் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை அவை. பலவும் சேரும்போது பெற்ற சலுகைகளை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்தாலும் ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு கணக்கு என்பது போலத்தான். உப்பு வரியையே பாருங்கள்: பிரித்தானிக்கு விலக்கு, எல்லை தாண்டி ஆன்ஜூவுக்குப் போனால் அதே உப்பு பல மடங்கு விலை. உப்புக் கடத்தல் ஒரு பிழைப்பாகவே நடந்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அறிவித்துவிட்டு இதை எப்படி விட்டுவைப்பது?

சரி, புதுப் பெயர்கள்? பெரும்பாலும் ஆறு, மலை, கடல்தான். பிரித்தானி ஐந்தானது, அதில் ஒன்றான ஈல்-எ-விலேன், ரென் நகரில் கூடும் இரண்டு ஆறுகளின் பெயர். தலைமை ஊருக்குக் குதிரையில் ஒரே நாளில் போய்ச் சேர முடிய வேண்டும் என்றும் பார்த்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த அக்கறைதான்.

நெப்போலியன்தான் இவற்றை உருவாக்கினார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஏற்கெனவே இருந்த தெபார்த்மான் ஒவ்வொன்றுக்கும் 1800-இல் ஒரு பிரீஃபெக்டை, அதாவது நம் கலெக்டர் போன்ற அரசு அதிகாரியை, நியமித்ததுதான் அவர் செய்தது.