மரையைப் படமெடுக்க வேட்டைக் கூடாரம் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் இலங்கை மலையகத்தில் ஒஹியாவுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கின்றோம். தேயிலை மலை முடிந்து பத்தனைப் புல்நிலம் தொடங்கும் இடத்துக்கு மாலை வேளையில் மரை எனப்படும் பெரிய மான்கள் மேய வருகின்றன. அவற்றைப் படமெடுப்பது எனது பொழுதுபோக்கு. கனடாவில் வில்லால் மான் வேட்டையாடும் என் அக்கா மகன், அங்கே தரையில் விரித்து உள்ளே மறைந்திருக்கும் ‘கிரவுண்ட் பிளைண்ட்’ என்ற கூடாரத்தை வாங்கும்படி சொல்கிறார். முகநூலில் ஒருவர் அதை 38,000 ரூபாவுக்கு விற்கிறார். மூன்று பேர் அமரலாம், தண்ணீர் புகாது, மானின் கண்ணுக்கே தெரியாது என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: இந்தக் கூடாரம் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அறிந்துகொண்டால், விற்பவர் சொல்வதில் எதை ஏற்பது என்பது உங்களுக்கே விளங்கிவிடும். துப்பாக்கிக்காரர் தூரத்தில் நின்றே சுட்டுவிடுவார். வில்லாளியோ மானை இருபது முப்பது யார் தூரத்துக்குள் வரவிட வேண்டும், வந்த பிறகும் நாணை இழுக்கும் அந்தக் கையசைவை மான் கண்டுவிடக் கூடாது. அந்த அசைவை மறைப்பதுதான் இக்கூடாரத்தின் முதல் வேலை. கமராவைத் திருப்புவதும் அப்படிப்பட்ட அசைவுதான் என்பதால் உங்கள் தேவைக்கும் இது பொருந்தும். ஆனால் உங்களிடம் 400 மில்லிமீற்றர் கமரா வில்லை (லென்ஸ்) இருந்தால் இவ்வளவு பணம் செலவழிக்கத் தேவையில்லை. ஒரு மானாப் புல் புதரின் முன் கரும்பச்சை வலையொன்றைக் கட்டி, அதன் பின்னால் அசையாமல் அமர்ந்தாலே போதும் என்பது என் எண்ணம்.

மூன்று பேர் என்ற கணக்கு, மூன்று முக்காலிகளை நெருக்கிப் போட்டுச் சொல்லப்படும் கணக்கு. சுவர்களின் நடுவே, கம்பிகள் கூடுமிடத்தில், குமிழ்போல வெளியே தள்ளி நிற்கும் மூட்டுகளுக்கு இடைப்பட்ட அகலத்தைத்தான் விற்பவர்கள் பெரும்பாலும் கூறுவார்கள். தரையில் கிடைக்கும் அகலம் அதைவிடக் குறைவு. எனவே தரையின் அளவை அங்குலத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள். 58 அங்குலச் சதுரம் என்றால் பக்கத்துக்கு ஐந்தடிகூட இல்லை. கமராவின் முக்காலித் தாங்கியை விரித்து, பையை வைத்த பிறகு, ஒருவர் வசதியாக அமரலாம். யன்னலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முக்காலியில் நிமிர்ந்திருந்து அம்பு எய்பவருக்கு அளந்த யன்னல் அது. நீங்கள் தாழ அமர்ந்து படமெடுக்க விரும்பினால் துணிச்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

‘தண்ணீர் புகாது’ என்ற சொல்லை நமது மலைகளில் நம்ப வேண்டாம். இக்கூடாரங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தளம் கிடையாது, தையல்கள் உட்புறத்தில் நாடா ஒட்டி அடைக்கப்படுவதும் இல்லை. வறண்ட இலையுதிர்காலத்துக்கு அது போதும். தென்மேற்குப் பருவமழையில் நாள் முழுவதும் பெய்யும் தூறலுக்குப் போதாது. கடையில் பார்க்க முடிந்தால், கூரைத் துணியை டியூப் லைட்டுக்கு நேரே உயர்த்திப் பிடித்து உள்ளிருந்து பாருங்கள்: தையல் ஓடும் வழியெல்லாம் ஊசித்துளைகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தால், அத்தனை இடத்திலும் சொட்டும். என்னிடம் இருந்த கூடாரமொன்றை ஒரு ஜூன் மாதத்தில் ஈரத்தோடு சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பிரித்தபோது சாக்கு அழுகிய வாடை வீசியது, உட்புறத்துக் கறுப்புப் பூச்சு அடுப்புக்கரி போல விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது, துணி முழுக்கப் பூஞ்சணம். அது செய்தவரின் குற்றமன்று, என் குற்றம். எனினும் மலையகத்தில் துணியை உலர்த்த ஒரு வெயில் நாள் கிடைப்பதே அரிது என்பதை வாங்குமுன் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மானின் கண்ணுக்குத் தெரியாது என்பது பாதி உண்மை. மான்களின் கண்ணுக்குச் சிவப்பைப் பிரித்தறியும் திறன் இல்லை, ஆனால் நீலம் நன்றாகத் தெரியும். ஆகவே இலை வடிவ அச்சு எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்பதற்காக அதிக விலை கொடுக்காதீர்கள். துணி பளபளக்காமல் இருப்பதும் உட்புறம் முற்றிலும் கறுப்பாக இருப்பதுமே முக்கியம். உள்ளே அமரும்போது பின்பக்க யன்னல்களை மூடிவிடுங்கள், இல்லையேல் உங்கள் உருவம் நிழலுருவாகத் தெரியும். பச்சை அச்சுச் சட்டையைவிடக் கறுப்புச் சட்டையே அங்கு பொருத்தமானது. நீல ஜேர்கினை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். துணியை வெண்மையூட்டும் சலவைத் தூளால் கழுவவும் வேண்டாம், அது மானின் கண்ணுக்கு ஒளிரும். மோப்பத்தை எந்தத் துணியும் தடுக்காது. மாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழிறங்கும் என்பதால் மரைகள் மேயும் இடத்துக்குக் கீழே அமருங்கள். காலையில் நிலம் சூடேறியதும் காற்று மேலேறும், அப்போது மேலே அமர்வது நல்லது.

யன்னல் எப்படித் திறக்கிறது என்பதையும் கையால் செய்து பாருங்கள். வெல்க்ரோ ஒட்டுப்பட்டி பிரியும் ‘சர்ர்’ என்ற சத்தமே மரையை விரட்டிவிடும். கொக்கி அல்லது மரப்பொத்தான் போட்டதாக இருந்தால் நல்லது. சில கூடாரங்களில் யன்னலுக்கு மெல்லிய வலை இருக்கும். வேட்டைக்காரரின் அம்பு அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும், உங்கள் கமரா வில்லையால் அது முடியாது. படம் மங்கலாகத்தான் வரும். வலையைக் கழற்ற முடியாத கூடாரத்தை வாங்காதீர்கள்.

இன்னொன்று: வேட்டை நாடுகளில் கூடாரத்தைப் பல நாட்கள் முன்னதாகவே நிறுத்தி, கிளைகளால் மூடி, மான்கள் அதற்குப் பழகும்வரை காத்திருப்பார்கள். இங்கே மழையில் அப்படி விட்டால் துணி கெடும், ஆளில்லாமல் விட்டால் கூடாரமே இராது. ஆறு முதல் பத்துக் கிலோ வரையான சுமையை நாள்தோறும் தூக்கிச் செல்லத் தயாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, அருகிலுள்ள வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் தெரிவித்துவிட்டுச் செல்வது நல்லது. அந்தியில் புதருக்குள் பதுங்கியிருப்பவரை யாரும் படப்பிடிப்பாளர் என்று நினைக்க மாட்டார்கள். ஹோர்ட்டன் சமவெளிக்கு இதைக் கொண்டு போக வேண்டாம். அங்கே குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. கூடாரம் தேவையும் இல்லை: சமவெளிக்குள் இருக்கும் ‘பார் இன்’ (Farr Inn) என்ற பழைய விடுதிக் கட்டடத்தின் பக்கத்தில் மரைகள் வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து நிற்கின்றன.

கேள்வி (அதே வாசகர்): வில்லும் கூர்முனை அம்புகளும் சேர்த்து வாங்கினால் விலை குறைத்துத் தருவதாக அவர் சொல்கிறார். காட்டுப்பன்றித் தொல்லையும் இருக்கிறதே?

பதில்: வேண்டாம். உங்கள் மருமகன் அங்கே உரிமம் பெற்று, அதற்கென்று விதித்த பருவத்தில் வேட்டையாடுகிறார். இங்கே மரையைக் கொல்வது 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். அது உங்கள் தோட்டத்துக்குள் நின்றாலும் குற்றமே. நுவரெலியாவில் ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் நாய்களோடும் கத்தியோடும் மரையைத் துரத்திய காலம் போய் நூற்றெழுபது ஆண்டுகள் ஆகின்றன. பன்றிக்கென்று வைக்கும் சுருக்கும் பன்றியோடு நிற்பதில்லை: 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிச் சுருக்கில் சிக்கிப் பின்னர் இறந்தது ஓர் அரிய கருஞ்சிறுத்தை. கூடாரத்துக்கு மட்டும் தனி விலை கேளுங்கள். சேர்த்துத்தான் தருவேன் என்றால் வேறு விற்பனையாளரைப் பாருங்கள்.

கேள்வி (வேறொரு வாசகர்): பண்டாரவளையில் வாங்கிய இத்தகைய கூடாரத்தின் கூரை மூட்டு இரண்டாம் முறை விரிக்கும்போதே உடைந்தது. ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்ற அறிவிப்பைக் கடைக்காரர் காட்டுகிறார்.

பதில்: அந்த அட்டையைக் கண்டு ஒதுங்கிவிடாதீர்கள். பற்றுச்சீட்டையும், உடைந்த மூட்டின் படத்தையும், பெட்டியில் அச்சிட்டிருக்கும் விவரங்களையும் இணைத்து, முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பயனில்லையேல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும் என்பதால் கடைக்காரரின் ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்ற பேச்சில் நாளைக் கடத்தாதீர்கள். விவரம் அறிய 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டு தரவில்லை என்றால் இன்றே போய்க் கேட்டு வாங்குங்கள்; கேட்டால் தர வேண்டியது வணிகரின் கடமை. முறைப்பாடு முடியும்வரை உடைந்த மூட்டைப் பசை போட்டு ஒட்டாமல் அப்படியே வைத்திருங்கள்.